கர்ப்பிணிகளிடம் தடுப்பூசிப் பேச்சை எப்படி எடுப்பது?

கவுன்ட்டர்வாசி:
மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. நேற்று இரும்புச்சத்து மாத்திரை வாங்க வந்த பெண்ணிடம் எத்தனை வாரம் என்று கேட்டேன். 28 என்றார். "கக்குவான் இருமல் ஊசி போட்டாச்சா?" என்றதும் முகம் சுண்டிவிட்டது. "மாத்திரையை மட்டும் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆஸ்துமா, சர்க்கரைக்காரர்களிடம் ஃப்ளூ ஊசி பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவன் நான். கர்ப்பிணி என்றால் மட்டும் திணறுகிறேன். ஊசி விற்கப் பார்க்கிறான் என்று நினைத்திருப்பாரோ? நீங்கள் எப்படி ஆரம்பிப்பீர்கள்?

பழைய கை:
"போட்டாச்சா" என்று கேட்டால் ஏதோ குற்றம் கண்டுபிடித்த மாதிரி இருக்கும் தம்பி. "இந்த ஊசியைப் பற்றி யாராவது சொன்னாங்களாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் ஒரே ஒரு விஷயம் சொல்வேன். குழந்தைக்கு இதற்கான முதல் ஊசியே 6 முதல் 8 வாரத்தில்தான். கக்குவான் உயிருக்கே ஆபத்தாவது அந்தப் பச்சிளம் பருவத்தில். அம்மா போட்டுக்கொண்டால் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேரும், பிறக்கும்போதே கையோடு கொண்டுவரும். வாரக்கணக்கு நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 27 முதல் 36, பிரிட்டனில் 16-லிருந்தே. போன பிரசவத்தில் போட்டாலும் இந்தத் தடவை மறுபடி போட வேண்டும், அந்தச் சக்தி குறைந்துபோயிருக்கும். ஃப்ளூ ஊசிக்கு மாதக்கணக்கே இல்லை. பிள்ளைக்கு 6 மாதம் ஆகும்வரை அதைப் போட முடியாது என்பதால் அம்மா போட்டுக்கொள்வதுதான் வழி.

ஏழாம்மாதம்:
நான் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள். எத்தனை வாரம் என்று சத்தமாகவா கேட்டீங்க? பின்னால் நாலு பேர் நின்றிருப்பார்களே. வீட்டில்கூட இன்னும் சொல்லாத பெண்கள் வருவார்கள், அண்ணா. எனக்கும் இப்படி நடந்தது. ஊசி மேல் எனக்குக் கோபமே இல்லை, கூச்சம்தான்.

கவுன்ட்டர்வாசி:
அய்யோ, அது தோணவே இல்லை. நேற்று பின்னால் ஆள் நின்றது நிஜம். இன்னொன்று: மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து இருக்கிறதே, அது ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஆகுமா?

பழைய கை:
கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்தது. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கானது), சின்னம்மை ஊசியும் அதே வகை, பிரசவத்துக்குப் பிறகுதான். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேட், தினசரி ப்ரெட்னிசோலோன் மாதிரி மருந்துச் சீட்டு வந்தாலும், உயிருள்ள கிருமி ஊசி விஷயத்தில் இதே கவனம் வேண்டும். தயங்குகிறவர்களிடம் வாதாடாதீர்கள். ஊசியின் பெயரும் வாரமும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

கவுன்ட்டர்வாசி:
நேற்று கொடுத்தது 30 மாத்திரை. அடுத்து வரும்போது 32 வாரம் ஆகியிருக்கும். சீட்டு எழுதி வைத்துவிட்டேன். ஓரமாக நிறுத்தி மெதுவாகக் கேட்கிறேன்.