ஜவ்வாது மலையில் கூடாரம்: பிள்ளைகளுக்குக் கரடியும் காவலூரும் பார்க்கணும்

காட்பாடி அம்மா:
முழுப்பரீட்சை முடிந்ததும் ஜவ்வாது மலைக்குப் போகிறோம். நான், வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பிள்ளைகள். சொந்தக் கூடாரம் இருக்கிறது. பெரியவன் அங்கே காவலூர் வானாய்வகத்தில் இருக்கும் தொலைநோக்கியைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறான். சின்னவளுக்குக் கரடி பார்க்கணும். காட்டில் எங்கே கூடாரம் போடலாம்? மாமியாருக்கு மூட்டுவலி.

ஆலங்காயத்தான்:
காட்டுக்குள் வேண்டாம்மா. அங்கே பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்திரி தங்கக் கூடாது. கோடையில் சருகு காய்ந்து கிடக்கும், அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும். ஜமுனாமரத்தூர் பக்கம் தங்கும் விடுதிகளில் கேளுங்கள், வளாகத்திலேயே கூடாரம் அடிக்க விடுகிறார்களா என்று. கழிப்பறை பக்கத்தில் இருக்கும், மாமியாருக்கு அதுதான் சரி.

கரடி இந்த மலையில் உண்டு. ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தேடிப் போகிற மிருகம் இல்லை அது. வழியோரம் கரடி தோண்டிப்போட்ட கரையான் புற்று கண்ணில் பட்டால் காட்டுங்கள். பிளந்த மண்ணில் நகம் இழுத்த கோடுகள் தெரியும், அடியில் கை நுழைகிற அளவுக்குப் பள்ளம். அது புதிதாக இருந்தால் அங்கே நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.

காவலூரைத்தான் நான் மனதார சொல்வேன். வானியல் அறிஞர் வைணு பாப்பு பேர் வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. 1988-ல் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பேர். பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தொலைநோக்கி இருக்கும் அந்தக் கூரையைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும். பொதுமக்களுக்குச் சிறிய தொலைநோக்கியில்தான் காட்டுவார்கள், பெரும்பாலும் சனிக்கிழமைகளில். கிளம்புமுன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், மேகம் மூடினால் எதுவும் தெரியாது.

அமாவாசை கழிந்த நாலைந்தாம் நாள் சனிக்கிழமை அமைந்தால் விடாதீர்கள். முதலில் பிறையில் நிலாவின் குழிகள் நிழலோடு தெரியும். நிலா இறங்கியதும் வானம் முழுக்க நட்சத்திரம். ஏப்ரல் கடைசியில் பத்து மணிக்குத் தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை நிற்கும். நம் ஊர் விளக்கு வெளிச்சத்தில் அது கிடைக்காது.

வாணியம்பாடி வாசி:
வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் போங்கள். பெட்ரோல் கீழேயே போட்டுவிடுங்கள். சின்னவளுக்கு மிருகம் கட்டாயம் என்றால் அமிர்தி உயிரியல் பூங்காவுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். கணியம்பாடி வழி, வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர்தான். புள்ளிமான் நிச்சயம்.

காட்பாடி அம்மா:
நன்றி அண்ணா. பத்து மணிக்கு மேல் காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை மலைப்பாதையில் ஓட்டலாமா?

ஆலங்காயத்தான்:
வளைவு அதிகம்மா, பழகாதவர் ராத்திரியில் ஓட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை மேலே கூடாரத்தில் தங்குங்கள். சனிக்கிழமை மாலை சாமானெல்லாம் ஏற்றிக்கொண்டு காவலூர் வாருங்கள். பார்த்து முடித்ததும் ஆலங்காயம் பக்கம் இறங்கினால் வீடுதான். காவலூர் வளாகத்தில் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள், தேளும் பாம்பும் நடமாடுகிற இடம். பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுவிடுங்கள்.