பொள்ளாச்சி மகாலிங்கம்: தொழிலதிபர் சட்டமன்றத்தில் இருந்தது நல்லதுதானா?

திருமூர்த்திமலை:
1952, 1957, 1962 என மூன்று தேர்தல்களில் பொள்ளாச்சியில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தவர் நா. மகாலிங்கம். கிண்டியில் பொறியியல் படித்தவர், ஏபிடி பேருந்துக் குடும்பத்துப் பிள்ளை. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்துக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார். அரபிக்கடலுக்குப் போன தண்ணீர் கிழக்கே திரும்பி எங்கள் வறண்ட காடுகளுக்கு வந்தது. செலவுக் கணக்கும் பொறியியலும் தெரிந்த தொழிலதிபர் சட்டமன்றத்தில் இருந்ததால் வந்த பலன் இது.

கடைமடை:
அவர் பங்கை மறுக்கவில்லை நண்பரே. ஆனால் அப்போது முதல்வர் காமராஜர், நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம், கேரளத்துடன் பேசி முடித்தது அரசு. இன்னொன்றையும் பாருங்கள். பேருந்துக்கு பர்மிட் தருவது அரசு, சர்க்கரை ஆலைக்கு லைசென்ஸ் தருவதும் அரசு. அவருடைய சர்க்கரை நிறுவனமான சக்தி சுகர்ஸ் 1961ல் தொடங்கியபோது அவர் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. தவறு செய்தார் என்று நான் சொல்லவே இல்லை. செய்தாரா இல்லையா என்று பார்க்க வாக்காளனுக்கு வழி இருந்ததா? வேட்பாளர் சொத்துக் கணக்கைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்பதே உச்ச நீதிமன்றம் 2002, 2003ல் தீர்ப்பளித்த பிறகு வந்ததுதான்.

திருமூர்த்திமலை:
ஆலை இருப்பது ஆப்பக்கூடலில், பவானி ஆற்றுப் பக்கம். ஆழியாற்றுத் தண்ணீர் அங்கே போகாது. சொந்த ஆலைக்காகத்தான் அணை கேட்டார் என்று யாராவது சொன்னால் வரைபடத்தை எடுத்துப் பார்க்கட்டும்.

சட்ட மாணவன்:
இடையில் ஒரு விஷயம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவின்படி, அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ அரசு வேலையை எடுத்துச் செய்யவோ ஒப்பந்தம் வைத்திருப்பவர் பதவியில் இருக்க முடியாது. பர்மிட்டும் லைசென்ஸும் அதில் வராது. சுரங்கக் குத்தகைகூட வராது என்று 2001ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைமடை:
நான் சொல்வதும் அந்த ஓட்டையைத்தான். ரோட்டு கான்ட்ராக்ட் எடுத்தவருக்குத் தடை. அரசின் ஒரு கையெழுத்தை நம்பிக் கோடிகளில் தொழில் நடத்துபவருக்குத் தடை இல்லை. மாநிலங்களவையில் உறுப்பினர்களின் தொழில் நலன்களுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. சட்டமன்றத்துக்கும் வேண்டும். அதோடு, அவர் தொடங்கிய குமரகுரு பொறியியல் கல்லூரி 1984ல் வந்தது, பத்மபூஷண் 2007ல். 1967க்குப் பிறகு தேர்தல் அரசியலை விட்டுவிட்டுத்தான் இவ்வளவும் செய்தார். நல்லது செய்ய அவருக்கே பதவி தேவைப்படவில்லையே?

திருமூர்த்திமலை:
பதிவேடு வரட்டும், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் கல்லூரியைச் சொந்தப் பணத்தில் கட்டலாம், இரண்டு மாநிலங்களுக்கு இடையே ஓடும் தண்ணீரை அப்படித் திருப்ப முடியாது. அதற்குச் சட்டமன்றத்தில் ஆள் வேண்டும். எங்கள் தாலுகாவுக்கு அந்த ஆள் மகாலிங்கம்தான்.

கடைமடை:
அந்த ஆள் ஒரு விவசாயியாக இருந்திருந்தாலும் தண்ணீர் வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அன்று தேர்தலில் நிற்க ஒரு விவசாயிக்கு வசதி இருந்ததா என்பதையும் பேசுவோம்.