டெக்னோபார்க் வேலையை விடும்போது: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நாகர்கோவில்:
நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கேரள பார்டர் தாண்டி, திருவனந்தபுரம் கழக்கூட்டத்து டெக்னோபார்க் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். சேரும்போது பத்துப் பேரிடம் விசாரிப்போம். விடும்போது கேட்க ஆள் இருக்காது. பெரிய கம்பெனி ஆட்களை எப்படி நடத்துகிறது என்பது அந்தக் கடைசி இரண்டு மூன்று மாதத்தில்தான் தெரியும். சொந்தக் கதையை விட்டுவிட்டு, செய்ய வேண்டியதை உங்கள் ஊர்ப் பெயர் போட்டு எழுதுங்கள்.

மார்த்தாண்டம்:
மேனேஜரிடம் வாயால் சொன்னது கணக்கிலேயே வராது. ஹெச்.ஆர். போர்ட்டலில் ரிசைன் போட்ட தேதியிலிருந்துதான் நோட்டீஸ் (விலகுவதாகச் சொன்னபின் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்) ஓடும். "அப்ரைசல் முடியட்டும், இப்போ போடாதீங்க" என்று நல்லபடியாகத்தான் சொல்வார்கள்; அதைக் கேட்டுக் காத்திருந்தால் புதுக் கம்பெனியில் சேரும் தேதி கைவிட்டுப் போகும். போர்ட்டலில் போட்ட கையோடு, அதே விவரத்தை மெயிலிலும் அனுப்பி, சொந்த மெயிலுக்கு ஒரு காப்பி வையுங்கள்.

நோட்டீஸ் 60 நாளா 90 நாளா, குறைகிற நாளுக்குப் பேசிக்கில் (அடிப்படைச் சம்பளத்தில்) பிடிப்பார்களா, மொத்தச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்பதெல்லாம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது, போடுவதற்கு முன்பே படியுங்கள்.

குளச்சல்:
லீவு விஷயம் ஒன்று. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மண்டைக்காடு கொடைக்கும் நம்ம கலெக்டர் விடும் உள்ளூர் விடுமுறை அங்கே செல்லாது. நோட்டீஸ் காலத்தில் லீவு எடுத்தால் அத்தனை நாளும் பின்னால் தள்ளிப்போடும் கம்பெனிகள் உண்டு. சவேரியார் திருவிழா வரும் டிசம்பர் 3-ம் தேதியை ஒட்டி ரிலீவ் ஆகிறவர்கள் முன்னாடியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தக்கலை:
மேலே அண்ணாச்சிமார் சொன்னது சரி. ஆனால் அதிகம் பேர் மாட்டுவது பி.எஃப்.பில்தான் (வருங்கால வைப்பு நிதி), அதிலும் இனிஷியலில். ஆதாரில் இனிஷியல் கடைசியில் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், பி.எஃப்.பில் ஹெச்.ஆர். அடித்தது மூன்றாவது ரகம். ஓர் எழுத்தோ ஒரு இடைவெளியோ மாறினாலும் கிளெய்ம் (பணம் கேட்டுப் போடும் விண்ணப்பம்) திரும்பி வரலாம். சில திருத்தங்களுக்குக் கம்பெனி ஒப்புதல் வேண்டும். உள்ளே இருக்கும்போது நேரில் போய்க் கேட்கலாம். வெளியே வந்தபின் நம்ம திருத்த விண்ணப்பத்தைத் திறந்து பார்க்க யாருக்கும் அவசரம் இருக்காது. அதனால் ரிசைன் போடுவதற்கு முன்பே ஆதார், பான், வங்கிக் கணக்கு, பி.எஃப். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விலகிய தேதியைக் கம்பெனி பி.எஃப். தளத்தில் பதியாவிட்டால் பழைய பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்ற முடியாது. கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனபிறகு, பி.எஃப். தளத்தில் 'மேனேஜ்' என்பதற்குள் 'மார்க் எக்ஸிட்' போய், ஆதார் ஓ.டி.பி. கொடுத்து நாமே பதியலாம். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியைப் பார்த்தே போடுங்கள்.

புது இடத்தில் பழைய யு.ஏ.என். நம்பரையே (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுக்க வேண்டும். பணத்தை எடுக்காமல் மாற்றினால் சர்வீஸ் தொடரும். 5 வருடம் ஆகுமுன் எடுத்தால் வரி வரும், பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும்.

நாகர்கோவில்:
கிராஜுவிட்டி (பணிக்கொடை) எப்படிப் போடுவார்கள்?

தக்கலை:
நிரந்தர வேலை என்றால் 5 வருடம் முடிந்திருக்க வேண்டும். கடைசி மாத பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடத்தால் பெருக்குங்கள். 26,000 ரூபாய், 5 வருடம் என்றால் 75,000.

மார்த்தாண்டம்:
வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பும்போது சீரியல் நம்பர் தெரிய ஃபோட்டோ எடுங்கள். சார்ஜர், ஐ.டி. கார்டு எல்லாவற்றையும் எழுதி, பெற்றுக்கொண்டோம் என்று பதில் மெயில் வாங்குங்கள். சார்ஜர் வரவில்லை என்று செட்டில்மென்டை (கடைசிக் கணக்குப் பணத்தை) நிறுத்தி வைப்பது சகஜம். கடைசி நாள் மாலையோடு கம்பெனி மெயில் பூட்டிவிடும். பே ஸ்லிப், முந்தைய வருடங்களின் ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று) எல்லாம் அதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள். நம்முடைய காகிதம் மட்டும்தான். கிளையன்ட் ஃபைல் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள்.