மறுமொழி: ஃபோர்குளோஷருக்கு 'முன்மூடல்' பொருந்துமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். கடன் கட்டாதபோது ஈடு வைத்த வீட்டை மீட்கும் உரிமை பறிபோவதை ஆங்கிலத்தில் ஃபோர்குளோஷர் என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> "ஃபோர் என்றால் முன், குளோஷர் என்றால் மூடல். முன்மூடல் என்றே வைத்துவிடலாமே?"

தம்பி, அந்த 'ஃபோர்' முன் அன்று. 'வெளியே' என்னும் பொருள் தரும் இலத்தீன் வேர் அது. போதாக்குறைக்கு, தவணைக்காலம் முடியுமுன் கடனை நாமே கட்டித் தீர்ப்பதையும் நம் வங்கிகள் ஃபோர்குளோஷர் என்றே எழுதுகின்றன. அதற்கு 'முன்னடைப்பு' போதும். வீட்டை இழப்பவனுக்கும் அதே சொல்லைக் கொடுத்தால் அவன் எந்தத் தாளைக் கண்டு பதறுவான்?

> "ஜப்தி இருக்கிறதே அண்ணே?"

ஜப்தி நீதிமன்ற ஆணையால் வருவது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில் வங்கி வழக்குப் போடாமலே ஈட்டின் மீது கை வைக்கலாம். தவணை 90 நாள் நின்றால் வாராக்கடன்; பிறகு 60 நாள் கெடு வைத்து அறிவிப்பு வரும். இந்த 60 நாள்தான் பொன்னானது. எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். தவணையைத் திருத்தி அமைக்கக் கேட்கலாம். வங்கியின் சம்மதத்தோடு நாமே நல்ல விலைக்கு விற்றுக் கடனைத் தீர்க்கலாம். உடைமை எடுத்துவிட்டால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போக வேண்டும். நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்கு அது மதுரையில் இருக்கிறது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டின் தேக்கு நிலைக்கதவில் இப்படியோர் உடைமை அறிவிப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். சர்ஃபாசி சட்டத்தின் 13ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவைக் கவனிக்கும்படி ஒரு வரி அதில் இருந்தது. முழுக் கடனையும் கட்டி வீட்டைத் திருப்ப எதுவரை அவகாசம் என்பதைச் சொல்லும் பிரிவு அது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அந்த உரிமை போய்விடுகிறது. உச்ச நீதிமன்றமும் 2023இல் அதை உறுதி செய்தது. ஏலம் நடக்கும் நாள்வரை நேரம் இருப்பதாக நினைத்துப் பணம் புரட்டுகிறவர்கள்தான் அதிகம்.

ஏல அறிவிப்போடு உரிமை போகும் அந்த நாளுக்குத்தான் சொல் வேண்டும். காரைக்குடி அடகுக்கடை வாசலில் நின்றால் அது காதில் விழும்: "திருப்பாமல் விட்டு நகை மூழ்கிவிட்டது." அதனால் 'ஈடு மூழ்கல்' என்று முன்மொழிந்தேன். தேவகோட்டை ஆச்சி உடனே மறித்தார்கள்:

> "மூழ்கினால் எல்லாம் போயிற்று என்றாகிவிடுமே. ஏலத்தில் கடன் போக மிஞ்சுவது வீட்டுக்காரருக்குத்தானே?"

ஆச்சி சொல்வது சரி. செலவும் கடனும் கழித்து மிச்சத்தைக் கொடுக்கச் சட்டமே சொல்கிறது. மூழ்குவது வீட்டின் மதிப்பு அன்று, திருப்பும் உரிமை மட்டுமே. ஆகவே 'மீட்புரிமை மூழ்கல்' என்று மாற்றிக்கொள்கிறேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 60ஆம் பிரிவு மீட்புரிமையைத் தருகிறது, 67ஆம் பிரிவு அதை அடைக்கும் வழியைச் சொல்கிறது. அங்கேயும் இந்தச் சொல் பொருந்தும்.

பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டில் ஒருவர் பங்கு மட்டும் ஈடானால் என்ன என்று கேட்டவருக்கு: சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவைப் பாருங்கள். பிரிக்காத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் மற்றவர்களோடு கூடிக் குடியிருக்க உரிமை கோர முடியாது.

அடுத்து 'சிம்பாலிக் பொசெஷன்'. வீட்டுக்காரர் உள்ளே குடியிருக்க, கதவில் தாள் மட்டும் ஒட்டி எடுக்கும் உடைமை. 'குறியீட்டு உடைமை' எனக்குப் பிடிக்கவில்லை. 'தாள் உடைமை' எப்படி?