எக்ஸ்குளூசிவ் கேம் (ஒரு கம்பெனியின் கன்சோலில் மட்டும் வரும் கேம்) பார்த்துக் கன்சோல் (டிவியில் இணைத்து விளையாடும் கேம் பெட்டி) வாங்கியவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் என்ன?

சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்குவதா, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் வாங்குவதா என்று ரொம்ப நாள் குழம்பிக்கொண்டிருந்தேன். எண்களைப் பார்த்தால் எக்ஸ்பாக்ஸ்தான் ஒரு படி மேலே: கிராஃபிக்ஸ் கணக்கிடும் வேகம் அதில் 12 டெராஃப்ளாப்ஸ், பிஎஸ்5-இல் 10.28. ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது நண்பர் வீட்டில் பார்த்த ‘ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’. 2021 ஜூனில் பிஎஸ்5-க்கு மட்டும் வந்த கேம். அதில் பிளிசார் பிரைம் என்று ஒரு கோள். அங்கே நிற்கும் படிகத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால், உடைந்து சிதறிக் கிடந்த கோள் கண் மூடித் திறப்பதற்குள் மறைந்து, வேலை நடந்துகொண்டிருக்கும் முழுச் சுரங்கம் வந்து நிற்கிறது. லோடிங் திரையே இல்லை. இன்னொரு படிகத்தை அடித்தால் மறுபடி இடிபாடு. பிஎஸ்5-இன் எஸ்எஸ்டி (கேம் சேமித்து வைக்கும் வேகமான டிரைவ்) நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் என்று எத்தனையோ இடத்தில் படித்திருந்தேன், மனதில் ஏறவே இல்லை. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் அந்த வேகம் எதற்கு என்று புரிந்தது. 2023-இல் அந்த கேம் பிசிக்கும் வந்துவிட்டது, சரி. ஆனால் அதற்கு முன்பே நான் பிஎஸ்5 வாங்கியாகிவிட்டது. ஆகவே என் வரையில் எக்ஸ்குளூசிவ் விற்கத்தான் செய்கிறது. டெக்னாலஜி அந்த கேமுக்குள் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

*

நண்பரே, நான் நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு அடுத்து வந்த வீ யூ வைத்திருந்தவன். 2014-இல் ‘மரியோ கார்ட் 8’ வந்தபோது வீடே அதிர்ந்தது. அப்படி ஒரு அருமையான எக்ஸ்குளூசிவ். ஆனாலும் விளையாட வந்தவர்கள் எல்லோரும் திரை வைத்த அந்த கேம்பேடைப் பார்த்து, “இது பழைய வீயோட புது கன்ட்ரோலரா?” என்றுதான் கேட்டார்கள். இது தனிக் கன்சோல் என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது. கடைசி வரை வீ யூ விற்றது ஏறத்தாழ 1.35 கோடிதான். 2017-இல் அதே கேம், கொஞ்சம் கூடுதல் சரக்கோடு நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்சுக்கு வந்தது. அது மட்டும் 6 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது! கேம் ஒன்றுதான், கம்பெனியும் ஒன்றுதான். பார்த்த உடனே கன்சோல் எதற்கென்று புரியாவிட்டால் எந்த எக்ஸ்குளூசிவும் அதைத் தூக்கி நிறுத்தாது.

*

என் கதை சின்னது. பிஎஸ்5-க்கு மாறலாம் என்று நினைத்த 2022-இல் ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’, ‘காட் ஆஃப் வார் ராக்னராக்’ இரண்டுமே பிஎஸ்4-இலும் வந்துவிட்டன. பழைய பெட்டி விசிறிச் சத்தத்தோடு ஓட்டியது, ஆனால் ஓட்டியது. வாங்கும் ஆசை அப்படியே தள்ளிப்போனது.

*

மேலே எழுதியவர்களை விட நான் கொஞ்சம் பழைய ஆள். என்னிடம் இருந்தது நின்டெண்டோ 64. அதற்கு முன் ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசை நின்டெண்டோவில்தான் வந்துகொண்டிருந்தது, அடுத்ததும் இங்கேதான் வரும் என்று காத்திருந்தேன். 1997-இல் ஏழாவது பாகம் பிளேஸ்டேஷனுக்குப் போய்விட்டது. மூன்று சிடி! எங்கள் கார்ட்ரிட்ஜ் (நின்டெண்டோ 64-இல் செருகும் கேம் சிப்) எவ்வளவு பெரியதாக இருந்தாலும் 64 எம்பிதான், ஒரு சிடியோ சுமார் 650 எம்பி. அத்தனை வீடியோ காட்சிகளும் கார்ட்ரிட்ஜில் அடங்க வாய்ப்பே இல்லை. அன்று யாரும் சிடி டிரைவுக்காக பிளேஸ்டேஷன் வாங்கவில்லை, நானும்தான். கேமுக்காக வாங்கினேன். ஆனால் கேமை அங்கே இழுத்துப் போனது சிடி டிரைவ். டெக்னாலஜி நேராக நம்மிடம் விற்பதை விட, கேம் செய்கிறவர்களிடம் முதலில் விற்கிறது என்பது என் கருத்து.

இப்போது, கன்சோல்களில் எக்ஸ்பாக்ஸில் மட்டும் இருந்த ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ கூட 2025-இல் பிஎஸ்5-க்கு வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் யாராவது எழுதுங்களேன்: அடுத்த பெட்டியை எதைப் பார்த்து வாங்குவீர்கள்?