சுவாசக் கவச மருத்துவப் படிவத்தை மேற்பார்வையாளரிடம் கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு நகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இதுவரை ஆய்வகத்தில் இருந்த என்னை அடுத்த மாதம் களப்பணிக்கு மாற்றுகிறார்கள். அங்கே சில வேலைகளுக்கு முகம் முழுவதையும் மூடும் சுவாசக் கவசம் அணிய வேண்டும். வரும் வியாழக்கிழமை, கவசம் முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்துகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனை என்று சொல்லி, மேற்பார்வையாளர் ஒரு நீண்ட மருத்துவப் படிவத்தைத் தந்து, நிரப்பித் தம் மேசையில் வைத்துவிடும்படி கூறினார்.

ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, நெஞ்சுவலி, மூடிய இடத்தில் ஏற்படும் பயம் என எல்லாவற்றையும் அதில் கேட்கிறார்கள். எனக்குச் சிறுவயதில் வீசிங் இருந்தது. இப்போது ரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை எடுக்கிறேன். மருந்துகள் பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்று பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு அழித்துவிட்டேன். உண்மையை எழுதினால் மாற்றலும் போய், இருக்கிற வேலைக்கும் ஆபத்து வருமோ என்று அஞ்சுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

தம்பிக்கு வணக்கம். நான் தொழில்சார் மருத்துவப் பிரிவில் செவிலியர். இந்தப் படிவங்களைப் படிப்பது என் அன்றாட வேலை. முதலில் ஒன்று: அந்தப் படிவத்தை மேற்பார்வையாளரின் மேசையில் வைக்காதீர்கள். உங்கள் பதில்களை வேலை கொடுப்பவரோ மேற்பார்வையாளரோ பார்க்கக் கூடாது என்றும், அதை மருத்துவரிடம் சேர்ப்பிக்கும் வழியை அவர்களே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும் ஓஷாவின் (பணியிடப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் கூட்டாட்சி அமைப்பு) 1910.134 என்ற சுவாசக் கவச விதியோடு வரும் படிவத்தின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கும். அதை நிரப்ப வேலை நேரத்திலேயோ உங்களுக்கு வசதியான வேறு நேரத்திலேயோ வாய்ப்புத் தர வேண்டும். செலவு முழுவதும் அவர்களுடையது.

1970ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் மாநில, நகராட்சி ஊழியர்களை நேரடியாகக் காப்பதில்லை என்பதால், இது தங்களுக்குப் பொருந்தாது என்று சில அலுவலகங்களில் இன்னமும் நினைக்கிறார்கள். நியூ ஜெர்சியில் பொது ஊழியர்களுக்கென்றே பியோஷ் என்ற தனி அமைப்பு இருக்கிறது. சுவாசக் கவசத்துக்கு அதே விதியைத்தான் அது நடைமுறைப்படுத்துகிறது.

மாத்திரையைப் பற்றி எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். உடல்நலம் பற்றிய பகுதியின் முதல் எட்டுக் கேள்விகளில் எதற்காவது ‘ஆம்’ என்றிருந்தால் மருத்துவர் உங்களை அழைத்துப் பரிசோதிப்பார். அழைப்பு வந்ததாலேயே தகுதியில்லை என்று பொருளல்ல. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் பலர் தடையில்லாமல் அனுமதி பெறுகிறார்கள். அலுவலகத்துக்குப் போகும் கடிதத்தில் நீங்கள் கவசம் அணியலாமா, ஏதேனும் வரம்பு உண்டா, மறுபரிசோதனை தேவையா என்பவை மட்டுமே இருக்கும்; நோயின் பெயர் இருக்காது. அதன் நகல் உங்களுக்கும் வரும். நீங்களே வடிகட்டி வழியாக மூச்சை இழுக்க வேண்டிய கவசம் உங்கள் உடலுக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதி, பேட்டரி விசிறி காற்றை ஊதித் தரும் கவசத்தை அணியலாம் என்றால், அதை வாங்கித் தருவது அவர்கள் கடமை.

மறைப்பதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வடிகட்டி வழியாக மூச்சை இழுப்பதே நுரையீரலுக்கும் இதயத்துக்கும் கூடுதல் சுமை. ஆடி மாத வெயிலில் பாதுகாப்பு உடைக்குள் அந்தச் சுமை இன்னும் ஏறும். வாசனை அறிவதில் சிரமம் உண்டா என்றுகூட அந்தப் படிவம் கேட்கும். உங்கள் நிலையத்தில் வரக்கூடிய ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பதை நீங்களே அறிவீர்கள். அழித்த பதிலைத் தயவுசெய்து திரும்ப எழுதுங்கள்.

பதில் 2

அம்மா சொன்னவை அனைத்தும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நான் பள்ளிக் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். கவசம் அணிய உடல் தகுதி உண்டா என்று பார்ப்பது வேறு, வேலை உடலைக் கெடுக்கிறதா என்று கண்காணிப்பது வேறு. ஆஸ்பெஸ்டாஸ் விதியின்படி எங்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. குழாயில் ஊதி நுரையீரலின் திறனை அளப்பார்கள். அந்தப் பதிவுகளைப் பணிக்காலம் முடிந்து 30 ஆண்டுகள் வரை வைத்திருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் நோய் வெளியே தெரியவே பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

உங்கள் விஷயத்தில் பொருத்தச் சோதனைதான் ஆண்டுக்கொரு முறை கட்டாயம். மருத்துவ மதிப்பீட்டை ஆண்டுதோறும் செய்தாக வேண்டும் என்று 1910.134 சொல்லவில்லை. இது பெரிய குறை என்பது என் எண்ணம். ஆகவே கவசம் போட்டபோது மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ, வாய் திறந்து சொல்லுங்கள். அறிகுறியைத் தெரிவித்தாலே மறு மதிப்பீடு செய்தாக வேண்டும். வேலையின் கடுமையோ வெப்பமோ கணிசமாக மாறினாலும் அப்படியே.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மருந்துக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பேனாவாலேயே குறித்துவிட்டேன். மருத்துவமனையின் முகவரியை மனிதவளப் பிரிவில் கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் மருத்துவர் கடிதம் வராவிட்டால் பொருத்தச் சோதனைக்கு மட்டும் போய் வரலாமா?

பதில் 1

போகாதீர்கள் தம்பி. மருத்துவ மதிப்பீடு முடிந்த பிறகே பொருத்தச் சோதனை என்பது விதி. அந்தச் சோதனையில் கவசத்தோடு குனிந்து நிமிர்ந்து, தலையைத் திருப்பி, சத்தமாகப் பேசியும் காட்ட வேண்டும். அதுவும் கவசம் அணிவதுதான். தேதியைத் தள்ளிவைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பியோஷில் புகார் செய்யலாம். கேட்டுக்கொண்டால் உங்கள் பெயரை வெளியிட மாட்டார்கள்.