'கரிக்குலம் அண்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன்' பட்டத்துக்குத் தமிழ்ப்பெயர்: கலைச்சொல் விவாதம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கல்வியியல் பட்டதாரிகளுக்கான தொழில் வழிகாட்டி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் 'கரிக்குலம் அண்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்னும் முதுநிலைப் பட்டத்துக்கு ஒரு முழு இயல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 'பாடத்திட்டமும் கற்பித்தலும்' என்று எழுதலாமா என்று மெய்ப்புப் பார்ப்பவரிடம் கேட்டேன். "படிப்பவர் இதை ஆசிரியர் பயிற்சி என்றே எடுத்துக்கொள்வார், ஏற்கெனவே பி.எட். முடித்தவர் இதை ஏன் திரும்பப் படிக்க வேண்டும் என்று கேட்பார்" என்றார். அதே இயலில் 'இன்ஸ்ட்ரக்‌ஷனல் கோஆர்டினேட்டர்', 'இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்', 'இன்ஸ்ட்ரக்‌ஷனல் கோச்' என்று பணிப்பெயர்களும் வரிசையாக வருகின்றன. பட்டத்துக்கு வைக்கும் சொல்லே பணிகளுக்கும் பொருந்தி வர வேண்டும். குழுவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
மொ.

---

அன்புள்ள மொ. அவர்களுக்கு,

> 'பாடத்திட்டமும் கற்பித்தலும்' என்று எழுதலாமா

வேண்டாம் என்பதே என் கருத்து. மெய்ப்புப் பார்த்தவர் சரியான இடத்தில்தான் விரல் வைத்திருக்கிறார். 'பாடத்திட்டம்' என்ற சொல் நம் வழக்கில் சிலபஸுக்கே உரியதாகிவிட்டது. எந்தப் பருவத்தில் எந்தப் பாடம், எத்தனை அலகு என்ற பட்டியலைத் தாண்டி அது எதையும் நினைவூட்டுவதில்லை. இந்தப் பட்டமோ அந்தப் பட்டியல் முடிகிற இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒரு வகுப்பின் சிலபஸில் 'பின்னங்களின் கூட்டல்' என்று ஒரு வரி இருக்கிறது. தேர்வில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், வகுப்பில் பாதிப் பேர் 'ஐந்தில் இரண்டு' என்று எழுதுகிறார்கள். தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டியிருக்கிறார்கள். அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டிய பிறகு விடை அரையைவிடக் குறைந்திருப்பது யார் கண்ணிலும் படவில்லை. இந்த விடைத்தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு, தவறு எங்கே தொடங்கியது என்று தேடத் தெரிந்தவரை உருவாக்குவதுதான் இந்தப் பட்டத்தின் நோக்கம். சமான பின்னங்கள் மாணவர் மனத்தில் ஊன்றுவதற்கு முன்பே பாடநூல் கூட்டலுக்குத் தாவிவிட்டதா, அல்லது வரிசை சரியாக இருந்தும் 'பகுதிகளைச் சமமாக்கு' என்ற விதியைப் பலகையில் எழுதிப் போட்டதோடு வகுப்பு முடிந்துவிட்டதா? முதலாவது என்றால் இயல்களின் வரிசையை மாற்ற வேண்டும். இரண்டாவது என்றால் ஆசிரியரோடு உட்கார்ந்து அடுத்த பாடவேளையைத் திட்டமிட வேண்டும். முதலாவதற்கு ஆசிரியர் பயிற்சி முகாம் நடத்துவதும், இரண்டாவதற்குப் புதிய பாடநூல் அச்சிடுவதும் வீண்செலவு. அப்படிப்பட்ட செலவுகளைத் தடுக்கத் தெரிந்தவர் என்பதால்தான் இந்தப் பட்டதாரிக்கு வகுப்பறைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது.

ஆகவே பட்டத்தின் பெயரில் உள்ள இரண்டு சொற்களும் இரண்டு வேறு பொருள்களைச் சுட்டியாக வேண்டும். இடையில் வரும் 'உம்' வெறும் அலங்காரம் அன்று.

முதற்சொல்லுக்குக் 'கலைத்திட்டம்' போதும் என்பேன். இலங்கைத் தமிழில் அது நெடுங்காலமாக வழங்கிவருகிறது. தமிழ்நாட்டுக் கல்வியியல் நூல்களிலும் உண்டு. 'கலை என்றால் ஓவியமும் நடனமும்தானே' என்ற மறுப்பு எழும். கலைச்சொல், கலைக்களஞ்சியம், இளங்கலை, முதுகலை எல்லாவற்றிலும் கல்வித்துறை என்ற பழைய பொருளில்தான் அந்தச் சொல் நிற்கிறது. கலைச்சொல்லுக்காகவே கூடியிருக்கும் நாம் அந்த மறுப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். 1968இல் அமெரிக்கக் கல்வியியலாளர் பிலிப் ஜாக்சன், வரிசையில் காத்திருப்பது, பாராட்டுக்கு ஏங்குவது, அதிகாரத்துக்குப் பணிவது என்று பள்ளி எழுத்தில் இல்லாமலே கற்றுக்கொடுப்பவற்றை 'ஹிடன் கரிக்குலம்' என்று அழைத்தார். இதை 'மறைநிலைக் கலைத்திட்டம்' என்றால் பொருள் விளங்குகிறது. 'மறைநிலைப் பாடத்திட்டம்' என்றால் யாரோ வினாத்தாளைப் பதுக்கிவைத்திருப்பதுபோல் இருக்கிறது. 1960இல் உளவியலாளர் ஜெரோம் புரூனர் முன்வைத்த, ஒரே கருத்துக்கு ஆண்டுதோறும் கூடுதல் ஆழத்தோடு திரும்பி வரும் முறையும் 'சுருள்முறைக் கலைத்திட்டம்' என்று இயல்பாக அமைகிறது.

சிக்கல் இரண்டாம் சொல்லில்தான் இருக்கிறது. 'அறிவுறுத்தல்' சுற்றறிக்கை மொழி. 'போதனை' மேடையையும் சமயத்தையும் நினைவூட்டுகிறது. 'கற்பித்தல்' நல்ல சொல்தான், ஆனால் 'டீச்சிங்' அதைப் பிடித்துக்கொண்டது. மூலத்துறையிலேயே இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்: நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி 1938இல் இதற்கெனத் தனித்துறை தொடங்கியபோது 'கரிக்குலம் அண்ட் டீச்சிங்' என்றே பெயரிட்டது; கல்வியியலாளர் ரால்ஃப் டைலர் 1949இல் வெளியிட்ட சிறு நூலின் தலைப்பிலோ 'இன்ஸ்ட்ரக்‌ஷன்' இடம்பெற்றது. என்ன நோக்கங்கள், அவற்றுக்கு எந்தக் கற்றல் அனுபவங்கள், அவற்றை எப்படி அடுக்குவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது என்ற டைலரின் நான்கு கேள்விகளில், ஆசிரியர் வகுப்பில் நிற்பது ஒரு பகுதிதான். எனவே 'இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்பது திட்டமிட்டு, வரிசைப்படுத்தி, விளைவை அளந்து நடத்தப்படும் கற்பித்தல். அதற்குத் தமிழில் கையில் இருக்கிற சொல் 'பயிற்றல்'. 'பயிற்றுமொழி' என்று நாம் நாள்தோறும் சொல்வது 'மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்பதைத்தானே? 'பயிற்றுவித்தல்' வேண்டாம், 'பயில்' என்பதன் பிறவினையே 'பயிற்று', அதன்மேல் இன்னொரு 'வி' சேர்ப்பது சுமை.

நன்னூலாரைக் கேட்காமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 'நூலே நுவல்வோன் நுவலும் திறனே, கொள்வோன் கோடற் கூற்றாம் ஐந்தும்' என்று பொதுப்பாயிரத்தின் உறுப்புகளை வகுத்தபோது, கற்பிக்கப்படும் பொருளையும் கற்பிக்கும் ஆளையும் கற்பிக்கும் முறையையும் அவர் மூன்றாகவே பிரித்துவைத்தார். கற்பிக்கும் முறையைக் குறிக்க 'நுவல்திறன்' என்று எடுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் 'நுவல்திறன் ஒருங்கிணைப்பாளர் தேவை' என்று விளம்பரம் வந்தால் ஒருவரும் விண்ணப்பிக்க மாட்டார்கள்.

எனவே பட்டம் 'கலைத்திட்டமும் பயிற்றலும்'. பணிப்பெயர்கள் கலைத்திட்ட உருவாக்குநர், பயிற்றல் ஒருங்கிணைப்பாளர், பயிற்றல் வடிவமைப்பாளர் என்று அமையும். 'கோச்' என்பதற்குப் 'பயிற்றுநர்' என்றால் விளையாட்டுத் திடலுக்குப் போய்விடும். அவர் செய்யும் வேலை சக ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து பார்த்துப் பின்னர் பேசுவது என்பதால் 'பயிற்றல் துணைவர்' என்கிறேன்.

வழிகாட்டியில் ஒன்றைத் தெளிவாக எழுதுங்கள். இந்தப் பட்டம் பெரும்பாலான இடங்களில் ஆசிரியர் உரிமத்தையோ தலைமையாசிரியர் தகுதியையோ தானாகத் தந்துவிடாது. கல்வி நிர்வாகம் தனித்துறை. பயிற்றல் ஒருங்கிணைப்பாளர் பணியை அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் தனித் தொழிலாக வகைப்படுத்தி, முதுநிலைப் பட்டத்தை வழக்கமான நுழைவுத் தகுதியாகக் காட்டுகிறது. ஆனால் பட்டத்தோடு வகுப்பறை அனுபவத்தையும் கேட்பார்கள். பி.எட். முடித்த கையோடு, ஒருநாள்கூட வகுப்பெடுக்காமல் இதில் சேர நினைப்பவருக்கு, இடையில் சில ஆண்டுகள் கற்பிக்கும்படிதான் நான் சொல்வேன்.

அன்புடன்,
க.

---

அன்பின் க. ஐயா,

கலைத்திட்டம் பற்றி எனக்கு மறுப்பில்லை. நாங்கள் படித்த காலம் முதல் அதுதான் சொல். 'பயிற்றல் வடிவமைப்பாளர்' என்பதில்தான் தயக்கம். நான் செய்வது அந்த வேலை. நிறுவன ஊழியர்களுக்கான இணையவழிப் பாடங்களை வடிவமைக்கிறேன். என் பாடத்தில் ஆசிரியரே இல்லை. 'ஸ்டோரிபோர்டு' எனப்படும் காட்சித்திட்டத்தின் ஒரு தாளை எடுத்தால், இடப்பக்கம் திரையில் தோன்றுவது, வலப்பக்கம் பின்னணிக் குரல், கீழே தவறான தெரிவை அழுத்தினால் என்ன பதில் வரவேண்டும் என்ற குறிப்பு இருக்கும். என் நேரத்தில் பெரும்பகுதி அந்தக் கீழ்க்குறிப்புக்கே போகிறது. 'தவறு, மீண்டும் முயல்க' என்று எழுதுவது எளிது, அவர் ஏன் அந்தத் தெரிவை எடுத்தார் என்று ஊகித்து எழுதுவதுதான் தொழில். இதில் பயிற்றுபவர் யார்? துறையிலும் பலர் 'லேர்னிங் டிசைனர்' என்ற பெயருக்கு மாறிவருகிறார்கள். 'கற்றல் வடிவமைப்பாளர்' என்று வைத்தால் என்ன? மேலும், நிறுவனங்களில் 'பயிற்சி' என்ற சொல் 'டிரெயினிங்' என்று நிலைத்துவிட்டதால், 'பயிற்றல்' அதோடு குழம்பும்.

வழிகாட்டிக்கு ஒரு தகவல்: எங்கள் பக்கம் வேலைக்கு எடுப்பவர்கள் பட்டத்தைவிட மாதிரிப் பணித்தொகுப்பையே முதலில் கேட்கிறார்கள். பட்டப்படிப்பில் செய்த ஒப்படைகளில் இரண்டு மூன்றைத் திருத்திச் சேமித்து வைக்கும்படி மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சி.

---

அன்புள்ள சி. அவர்களுக்கு,

> இதில் பயிற்றுபவர் யார்?

நீங்கள்தான். வகுப்பில் நிற்காமலே, தவறான தெரிவுக்கு என்ன சொல்வது என்று முன்கூட்டித் தீர்மானிக்கிறீர்களே, அதுவே பயிற்றல். 1975இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்கத் தரைப்படைக்காக உருவாக்கியதும், பின்னர் பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயலாக்கம், மதிப்பீடு என்ற ஐந்து படிகளாகப் பெயர்பெற்றதுமான முறையும் ஆசிரியர் எதிரில் இருக்க வேண்டும் என்று கோரவில்லை. இருந்தாலும் 'லேர்னிங் டிசைனர்' என்று விளம்பரத்தில் வந்தால் அதைக் 'கற்றல் வடிவமைப்பாளர்' என்றே பெயர்க்க வேண்டும்; இரண்டு பெயர்களும் சந்தையில் இருக்கும்போது தமிழில் ஒன்றை மட்டும் வைத்தால் வேலை தேடுபவருக்குத்தான் இடைஞ்சல். பயிற்சியோடு குழம்பும் என்பதில் உண்மை உண்டு. எனவே பட்டப்பெயரில் தவிர, தனிச்சொல்லாக எங்கும் விடாமல், 'பயிற்றல் வடிவமைப்பு', 'பயிற்றல் ஒருங்கிணைப்பு' என்று தொடராகவே எழுதுவோம்.

முனைவர் நிலையில் மட்டும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆய்வை முதன்மையாகக் கொண்ட 'பிஎச்.டி.'யும், பள்ளி மாவட்டங்களிலும் கல்லூரிகளிலும் பொறுப்பு வகிப்பவர்கள் தம் பணிச்சிக்கல்களையே ஆராயும் 'எட்.டி.'யும் இதே துறையில் கிடைக்கின்றன. பின்னதை முதலில் வழங்கியது ஹார்வர்டு, அதன் கல்வியியல் பள்ளி 1920இல் தொடங்கப்பட்டபோது. இரண்டையும் 'முனைவர்' என்றால் வேறுபாடு மறைகிறது. தொழில்சார் பட்டம் என்பதால் 'கல்வித் தொழில்முனைவர்' என்று யாராவது எழுதிவிடக் கூடாது. பட்டம் பெற்றவர் கடை திறந்துவிட்டார் என்று நினைப்பார்கள். 'செயல்நிலைக் கல்வி முனைவர்' என்பது நீளம், ஆனால் பொருள் பிசகாது. இதைவிடச் சுருக்கமானது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மொ. அவர்கள் அதுவரை இயல் தலைப்பில் 'கலைத்திட்டமும் பயிற்றலும்' என்று வைத்து, முதன்முறை வரும் இடத்தில் 'கரிக்குலம் அண்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன் எனச் சான்றிதழ்களில் வழங்கும் பட்டம்' என்று ஒரு தொடர் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
க.